அடிவயிற்றில் என்னவோ

12 ஜூன் 1967, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. நான்காம் வகுப்பு 'பி' எனக்கு. நாற்பத்தேழு பிள்ளைகள். கரும்பலகையின் அடியில் எழுதக் குனிந்தபோது மறுபடியும் அதே தொந்தரவு. வலி என்று சொல்லவும் முடியவில்லை. தொப்புளுக்குக் கீழே, சற்று இடப்பக்கமாக, உள்ளேயிருந்து யாரோ விரலால் அழுத்திப் பிடித்திருப்பது போல. நிமிர்ந்தால் கொஞ்சம் விடுகிறது. முழுக்க விடுவதில்லை.

கோடை விடுமுறையில் ஓய்வெடுத்தால் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. எப்போது ஆரம்பித்தது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? போன வருஷம் மழைக்காலத்திலா? அதற்கும் முன்பா? ஒரு வருஷம் இருக்கும், அவ்வளவுதான் தெரிகிறது.

இனிமேல் எழுதி வைக்கப் போகிறேன். எந்த நாள், எந்த வேளை, என்ன சாப்பிட்டேன். பாடக்குறிப்பு நோட்டு ஒன்று மிச்சம் இருந்தது. இதை வீட்டில் யாரும் திறக்க மாட்டார்கள். டீச்சரின் பாடக்குறிப்பைப் படிக்க யாருக்கு ஆசை?

14 ஜூன், புதன்

காலையில் இல்லை. மாலை நாலு மணிக்கு வந்தது. மத்தியானம் புளிச்சாதம்.

15 ஜூன், வியாழன்

புளி இல்லை. இருந்தும் வந்தது.

18 ஜூன், ஞாயிறு

கொல்லையில் துணி துவைக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதை வீட்டுக்காரம்மா கங்கையம்மாள் பார்த்துவிட்டார். இந்த வீடும் பக்கத்து மூன்று வீடுகளும் அவருடையவை. முன்பு இங்கெல்லாம் அவர்கள் குடும்பத்து நெல் வயல் இருந்ததாம். "இன்னா டீச்சரம்மா, மூஞ்சி வெளுத்துக் கீது?" என்றார். சொன்னேன். "சூடு புடிச்சிக்கினு கீது. நாள் பூரா நின்னுகினே இருந்தா சூடு எப்டி எறங்கும்? வெந்தயத்த மோர்ல போட்டுக் குடி."

என் கணவர் வில்பிரட்டிடம் சொன்னால் வாயு, கேஸ் என்கிறார். தலைவலி வந்தாலும் அவருக்குக் கேஸ்தான். "பருப்பைக் கொறைச்சுக்க மெட்டில்டா, சரியாப் போயிடும்." அவர் பீச் ஸ்டேஷன் பக்கம் ஓர் ஆபீசில் குமாஸ்தா. எட்டே பத்து வண்டியைப் பிடிக்கும் அவசரத்தில் அவர் சொல்வது எல்லாமே தீர்ப்பு மாதிரி இருக்கும்.

வெந்தயமும் குடிக்கிறேன். பருப்பையும் குறைத்துவிட்டேன். சூடா, கேஸா?

27 ஜூன், செவ்வாய்

டாக்டர் யக்ஞநாராயணனிடம் போனேன். ஸ்டேஷன் ரோட்டில் முப்பது வருஷமாக வைத்தியம் பார்ப்பவர். வில்பிரட்டும் அவரும் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை மாற்றிப் படித்துக்கொள்ளும் அளவுக்குப் பழக்கம்.

"சாப்பிட்டா அதிகமாறதா, கொறையறதா?"

"சில நாள் அதிகம், சில நாள் குறையும் டாக்டர்."

"வெளிக்குப் போறது?"

"அதுவும் அப்படித்தான்."

"உங்க பிள்ளைகள் இப்படிப் பதில் எழுதினா எத்தனை மார்க் போடுவேள் டீச்சர்?" என்று சிரித்தார். மலப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

30 ஜூன், வெள்ளி

அமீபா! சோதனையில் தெரிந்துவிட்டது. "தாம்பரம் தண்ணி குடிக்கிறவாள்ல பாதிப் பேருக்கு இருக்கு" என்றார் டாக்டர். பத்து நாளைக்கு மாத்திரை. வழியெல்லாம் எனக்குள் ஒரே சந்தோஷம். வியாதி வந்ததற்கு யாராவது சந்தோஷப்படுவார்களா? ஆனால் அதற்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டதே.

6 ஜூலை, வியாழன்

வாயெல்லாம் இரும்பை நக்கியது போல் இருக்கிறது. சோறு இறங்கவில்லை. பரவாயில்லை.

19 ஜூலை, புதன்

மறுபடி பரிசோதனை. அமீபா போய்விட்டது. வலி போகவில்லை. இன்று பிரார்த்தனைக் கூட்டத்தில் நின்றபோது இடுப்பு வரைக்கும் பரவி முதுகைத் தொட்டது.

டாக்டர் கட்டிலில் படுக்கவைத்து அழுத்திப் பார்த்தார். "குடல்வாலா இருந்தா வலப்பக்கம்னா இருக்கணும்" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். "மாசக் கணக்கு ஒழுங்கா இருக்கோ?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். வேறு ஏதாவது உண்டா என்றார்.

இல்லை என்றேன்.

2 ஆகஸ்ட், புதன்

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். எழுதாவிட்டால் இந்த நோட்டே பொய்.

எங்கள் பள்ளித் தையல் டீச்சர் காமு மத்தியானம் சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டாள். "மெட்டில்டா, அதுவா இருக்குமோ?"

எது என்று எனக்கு உடனே புரிந்தது. புரியாதது போல் டிபன் பாத்திரத்தை மூடினேன்.

மூன்றாவதாகச் சின்னவன் பிறந்தபோது எனக்கு ரத்தம் நிற்கவில்லை. எட்டு நாள் கழித்துத்தான் பிள்ளையின் முகத்தை ஒழுங்காகப் பார்த்தேன். இன்னொரு பிரசவம் வேண்டாம், உயிருக்கு ஆபத்து என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். அதை வில்பிரட்டிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. அந்த எட்டு நாளும் வார்டு வாசலில் ஜெபமாலையும் கையுமாக நின்றவர். ஆனால் கோயில் சங்கத்தில் பொருளாளர். கர்ப்பத்தடையைத் திருச்சபை கூடாது என்றால் அவருக்கும் கூடாதுதான். "ஆண்டவர் பார்த்துப்பார்" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் மார்ச்சில், பிள்ளை தரிக்காமலிருக்கக் கர்ப்பப்பைக்குள் லூப் வைக்கும் முகாம் ஒன்று நடந்தது. காமுதான் அழைத்துப் போனாள். வீட்டில் தையல் கண்காட்சி என்று சொன்னேன். பத்து நிமிஷ வேலை. நர்ஸ் அதை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். வெள்ளை பிளாஸ்டிக், இரண்டு ஆங்கில எஸ் எழுத்தை ஒட்டவைத்தது போல். முனையில் நூல். மாதம் ஒரு முறை நூல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொன்னாள்.

இரண்டாம் மாதம் நூல் இல்லை. பயந்துபோய் மறுபடி போனேன். "விழுந்திருக்கும்மா. நிறையப் பேருக்குத் தானா விழுந்துடுது. கவனிச்சிருக்க மாட்டீங்க" என்றாள். வேறு வைக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், ஒரு பக்கம் நிம்மதியாகக்கூட இருந்தது. நான் செய்தது தப்பாக இருந்தால் அதுவே கழன்று போய்விட்டது என்று.

"விழுந்ததை நீ கண்ணால பார்த்தியா?" என்றாள் காமு.

"இல்ல. நர்ஸ் சொன்னாளே."

"அவ பார்த்தாளா?"

யாருமே பார்க்காத ஒன்று விழுந்துவிட்டது என்று ஒரு வருஷத்துக்கும் மேலாக நம்பிக்கொண்டிருக்கிறேனா? அமீபா நிஜம்தானே, காகிதத்தில் இருந்ததே. டாக்டரிடம் சொல்லலாம். சொன்னால் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரோடு அது வீட்டுக்கு வந்துவிடுமோ?

15 ஆகஸ்ட், செவ்வாய்

கொடியேற்றம், மிட்டாய், மாதா திருநாள் பூசை. தேதி தள்ளிப்போய் ஒன்பது நாள்.

17 ஆகஸ்ட், வியாழன்

பதினொன்று. விழுந்துவிட்டது என்பது உண்மையானால் இது பிள்ளை. விழவில்லை என்றால் வலிக்கு அதுதான் காரணம். எது நல்லது? எதற்காக ஜெபிக்கிறேன் என்றே தெரியாமல் ஜெபிக்கிறேன்.

19 ஆகஸ்ட், சனி

வந்துவிட்டது. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பெரியவள் கதவைத் தட்டி, "வெங்காயமாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

28 ஆகஸ்ட், திங்கள்

ஏழு ராத்தல், மூன்று கிலோவுக்கு மேல், இளைத்திருக்கிறேன். பள்ளியில் ஒருத்தி, "வயித்துலயும் டிபி வருமாம்ல?" என்று பொதுவாகச் சொல்வது போல் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். டிபி ஆஸ்பத்திரி இருக்கும் சானடோரியம் எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன். அந்தப் பேச்சு இங்கே யாருக்கும் விளையாட்டில்லை. சாயங்காலம் பிள்ளைகளின் தம்ளரையும் என் தம்ளரையும் தனித்தனியாகக் கழுவினேன். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. இருந்தாலும் கழுவினேன்.

வில்பிரட் முதல் தடவையாகக் கேஸ் என்று சொல்லவில்லை. "டாக்டரை நானே பார்க்கிறேன்" என்றார். பார்த்தும் வந்தார். மூத்திரக் குழாயில் கல் இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறாராம்.

9 செப்டம்பர், சனி

நேற்று வயிற்றைச் சுத்தம் செய்ய விளக்கெண்ணெய். இன்று வெறும் வயிற்றோடு எக்ஸ்ரேக்கு மாம்பலம். மேஜை சில்லென்று இருந்தது. "மூச்சை அடக்குங்க... விடுங்க." அவ்வளவுதான். திங்கட்கிழமை படம் கிடைக்கும், ஆபீஸ் விட்டு வரும்போது அவர் வாங்கி வருவார்.

கல்லாக இருக்கட்டும். கல் என்றால் யாரிடமும் சொல்லலாம்.

11 செப்டம்பர், திங்கள்

படம் வந்துவிட்டது.

ஆறரைக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் பழுப்பு உறையிலிருந்து படத்தை உருவி விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். என் இடுப்பெலும்பு, முதுகெலும்பு எல்லாம் சாம்பல் நிறத்தில். அதற்கு நடுவில், இடப்பக்கம், வெள்ளையாக, தெளிவாக, வளைந்து வளைந்து.

பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஃபாரின் பாடி, உள்ள ஏதோ வெளிப்பொருள்னு எழுதியிருக்கான்" என்றார். "மெட்டில்டா, நீ என்னத்த முழுங்கினே?"

நான் அவரையே பார்த்தேன். அவர் முகத்தில் சந்தேகமே இல்லை. பயம் மட்டும்தான்.

"கொண்டை ஊசியா? தையல் போடும்போது எதையாவது வாயில வெச்சுக்கிட்டியா? நல்லா யோசிச்சுப் பாரு."

"தெரியல" என்றேன். வேறு என்ன சொல்ல? "தெரியலங்க. இருக்கலாம்."

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். வாய் தானாகவே பொய்யைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது.

13 செப்டம்பர், புதன்

கங்கையம்மாளுக்கு விஷயம் போய்விட்டது. ஒரு தார் வாழைப்பழம் வந்திருக்கிறது. "தின்னுகினே இரு டீச்சரம்மா. எங்க அண்ணன் மவ காலணா முழுங்கிட்டு, எட்டாம் பழத்துல வந்துட்ச்சி." வில்பிரட் பக்கத்தில் உட்கார்ந்து உரித்துத் தருகிறார். ஆறு பழம் தின்றேன். சின்னவனும் அம்மாவோடு சேர்ந்து தின்று சிரிக்கிறான்.

16 செப்டம்பர், சனி

தனியாகப் போனேன். டாக்டர் படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"டீச்சர், இது முழுங்கின வஸ்து இல்லே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவருக்குத் தெரியாதோ?"

"தெரியாது டாக்டர்."

கொஞ்ச நேரம் மேஜையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். "அன்னிக்கே சொல்லியிருந்தா இத்தனை மாத்திரை கொடுத்திருக்க மாட்டேன்" என்றார். கோபம் இல்லை, வருத்தம்தான். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கிருபா என்ற பெண் டாக்டருக்குக் கடிதம் கொடுத்தார். "நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

20 செப்டம்பர், புதன்

டாக்டர் கிருபா என்னைவிட இளையவர். காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். அது கர்ப்பப்பையின் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து வயிற்றுக்குள் கிடக்கிறது. ஆயிரத்தில் ஒருவருக்கு நடக்குமாம்.

"அப்போ வலிக்கு இதுதானே காரணம்?"

"இருக்கலாம். அமீபாவும் இருந்திருக்கு, அதுவும் சேர்ந்திருக்கலாம். திறந்து பார்த்தால்தான் சொல்ல முடியும்."

இருக்கலாம்! இவ்வளவுக்குப் பிறகும் இருக்கலாம்.

எடுத்தே ஆக வேண்டும், விட்டால் குடலைத் தொந்தரவு செய்யும் என்றார். பிறகு என் பழைய பிரசவச் சீட்டைப் படித்துவிட்டு, "வயிற்றைத் திறக்கும்போதே கருக்குழாயையும் கட்டிடலாம். இன்னொரு பிரசவத்தை உங்க உடம்பு தாங்காது" என்றார். ஒரு தாளை நீட்டினார். கையெழுத்துக்கு இரண்டு இடம். ஒன்று லூப்பை எடுக்க. மற்றது அதற்கு. இரண்டிலும் வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும்.

"அவர் முதல் இடத்துல போடுவார். ரெண்டாவதுல போடமாட்டார்."

"கேட்டுப் பாருங்க" என்றார்.

22 செப்டம்பர், வெள்ளி

சொல்லிவிட்டேன்.

காலையில் கொல்லைப்புறச் சுவரில் கண்ணாடியை மாட்டிச் சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு கன்னம் முடிந்துவிட்டது, மறு கன்னத்தில் நுரை. உட்கார்ந்து பேசினால் எனக்குத் தைரியம் போய்விடும் என்று நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முகாம், தையல் கண்காட்சி, நூல், நர்ஸ், படம், பொய். கடைசியில் அந்தத் தாளைத் துவைக்கும் கல்லின் மேல் வைத்தேன்.

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். திரும்பவில்லை. மறு கன்னத்தையும் சவரம் செய்து முடித்தார். முகம் கழுவினார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, டிபன் பாத்திரத்தை எடுக்காமல் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

25 செப்டம்பர், திங்கள்

"அம்மாகிட்ட சொல்லு, சோப்பு தீர்ந்துடுச்சுன்னு." நடுவிலவனிடம் சொல்கிறார். நான் இரண்டடி தள்ளி நிற்கிறேன். படுக்கையை முன்னறைக்கு மாற்றிக்கொண்டார். பிள்ளைகளிடம் முதுகுவலி என்று சொல்லியிருக்கிறார். அவருக்கும் ஒரு வலி.

28 செப்டம்பர், வியாழன்

காமு: "அடிச்சாரா?" இல்லை. "திட்டினாரா?" இல்லை. "அப்போ என்ன நினைக்கிறார்?" எனக்கென்ன தெரியும்? பன்னிரண்டு வருஷம் ஒரே பானைச் சோறு. ஒன்றும் தெரியவில்லை.

1 அக்டோபர், ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் பிள்ளைகளைக் கங்கையம்மாள் வீட்டுக்கு அனுப்பினார். சமையலறை வாசலில் வந்து நின்றார். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

நிலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்.

"விட்டிருக்க மாட்டேன்" என்றார்.

போய் முன்னறையில் உட்கார்ந்துகொண்டார். என்ன செய்வது என்று தெரியாமல் கழுவிய மீனையே மறுபடி கழுவினேன். எனக்கு அவர்மேல் கோபம் வரவேண்டும். வரவில்லை. பொய் சொல்லியிருக்கலாமே, "விட்டிருப்பேன்" என்று. சொல்லவில்லையே. நான் இவரிடம் ஒன்றரை வருஷம் பொய் சொன்னேன்.

5 அக்டோபர், வியாழன்

நாளை ஆஸ்பத்திரி. தாள் இன்னும் அவர் சட்டைப் பையில்தான். நான் கேட்கவில்லை. வலி இன்று அதிகம். அல்லது பயத்தில் அப்படித் தோன்றுகிறதா?

6 அக்டோபர், வெள்ளி

வார்டில் படுக்கை கிடைத்தது. அவர் நர்ஸிடம் மடித்த தாளைக் கொடுத்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன். என்னிடம் வந்து, "தண்ணி கூஜா வெச்சிருக்கேன்" என்றார். இரண்டு வாரத்தில் நேராக என்னிடம் சொன்ன இரண்டாவது பேச்சு.

15 அக்டோபர், ஞாயிறு

பென்சிலைப் பிடிக்க இன்றுதான் தெம்பு வந்தது. போன திங்களன்று ஆபரேஷன் நடந்தது. குடலை மூடியிருக்கும் கொழுப்புச் சவ்வு அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருந்ததாம். டாக்டர் கிருபா ஒரு சின்ன பாட்டிலில் போட்டுக் காட்டினார். இத்தனை பெரிய கலவரத்துக்கு இத்தனூண்டு பிளாஸ்டிக். வேண்டுமா என்றார். வேண்டாம் என்றேன்.

பிறகு, கேட்காததுபோல் கேட்டேன். "அந்த இன்னொண்ணு டாக்டர்?"

"அதையும் செஞ்சுட்டோம். உங்க வீட்டுக்காரர் ரெண்டு இடத்துலயும் கையெழுத்துப் போட்டிருந்தாரே. உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை.

சாயங்காலம் வில்பிரட் வந்தார். ஆரஞ்சு உரித்துக்கொண்டே, "பெரியவளுக்கு ரெட்டைச் சடை பின்னத் தெரியல எனக்கு" என்றார். "காமு டீச்சர்தான் பள்ளிக்கூடத்துல அவுத்துப் பின்னி விடறாங்களாம். நீ இல்லாம ஒண்ணும் நடக்கல வீட்டுல." ஆரஞ்சை என் கையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். கையெழுத்தைப் பற்றி நான் பேசவில்லை.

5 நவம்பர், ஞாயிறு

வீடு. தையல் பிரித்தாகிவிட்டது. பழைய அழுத்தம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். இரண்டு நாள் முன்பு லேசாக ஏதோ இருந்தது. அது தழும்பா, அமீபாவா, வெறும் கேஸா? இனி எப்போதும் எனக்கு அந்தக் கேள்வி வரும் போலிருக்கிறது. கங்கையம்மாள், "முழுங்கினது ஊசிதானே டீச்சரம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்று வில்பிரட் சொன்னார். எனக்கு முன்பாகவே சொன்னார்.

25 நவம்பர், சனி

கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"செய்ததற்கு மனம் நொந்து மனஸ்தாபப்படுகிறாயா மகளே?"

"அவரிடம் மறைத்ததற்குப் படுகிறேன் சுவாமி."

"மற்றதற்கு?"

மூன்று பிள்ளைகளின் முகமும் வந்தது. படுகிறேன் என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். இன்னொரு பொய்யைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஜெபம் பண்ணு. அந்த மனம் வரும்போது வா" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் மன்னிப்பும் கொடுக்கவில்லை. இனி நான் பூசையில் நன்மை வாங்க முடியாது; பாவமன்னிப்பு இல்லாதவர்கள் அந்தத் திவ்ய அப்பத்தை வாங்கக் கூடாது. வீட்டுக்கு வந்து வில்பிரட்டிடம் அப்படியே சொன்னேன். மறைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அவர் கேட்டுக்கொண்டார்.

3 டிசம்பர், ஞாயிறு

எட்டு மணிப் பூசை. நல்ல கூட்டம். நன்மை கொடுக்கிற நேரம் வந்ததும் பாட்டு ஆரம்பித்தது, வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். நான் சின்னவனை மடியில் போட்டுக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் என்னைத்தான் பார்ப்பது போல் இருந்தது.

எங்கள் வரிசையில் வில்பிரட் ஓரத்தில். அவர் எழுந்தார். வெளியே வந்து நின்று மற்றவர்களுக்கு வழி விட்டார். பெரியவள் கடைசியாகக் கையைக் கூப்பிக்கொண்டு வந்தவள், "அப்பா, வாங்க" என்றாள்.

"நீ போம்மா" என்றார்.

சங்கத்துக்காரர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. மறுபடி உள்ளே வந்தார். வெற்று வரிசையில் நகர்ந்து நகர்ந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சின்னவனை என் மடியிலிருந்து தூக்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

பாட்டு முடியும்வரை இரண்டு பேரும் உட்கார்ந்தே இருந்தோம்.